பட்டியல் வேண்டாம், புத்தகத்தைக் கொடுங்கள்

கேள்வி: உங்களுக்குப் பிடித்த கிளாசிக் நாவல்கள், டிஸ்டோபியா நாவல்கள் (கொடுமையான கற்பனைச் சமூகங்களைக் காட்டுபவை) என்று ஒரு பத்து சொல்லுங்களேன். எங்கள் வாசிப்புக் குழுவில் பகிர வேண்டும்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்தப் 'பகிர' என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. சோற்றைப் பகிர்ந்தால் நம் தட்டில் கொஞ்சம் குறையும். பட்டியலைப் பகிர்ந்தால் நமக்கு எதுவும் குறையாது, வாங்கியவருக்கும் எதுவும் கூடாது. எங்கள் காலத்தில் இதற்கு இரவல் என்று பெயர், அலமாரியில் ஓர் இடைவெளி விழும், அதைப் பார்க்கும்போதெல்லாம் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று ஞாபகம் வரும்.

என்னிடமிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல் நாலைந்து பேரிடம் போய் வந்தது. முதல் வாக்கியத்திலேயே கடிகாரங்கள் பதின்மூன்று அடிக்கும் இல்லையா, அதன் ஓரத்தில் யாரோ பென்சிலில் "அச்சுப்பிழையா?" என்று கேட்டிருக்கிறார். கீழே வேறொருவர் நீல மையில், "இல்லை, மேலே படி." இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆர்வெல் அந்த நாவலை ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் காசநோயோடு கிடந்தபடி, தட்டச்சு செய்துதர அங்கே ஆள் வராததால், தானே அடித்து முடித்தார். 1949 ஜூனில் வெளிவந்தது, 1950 ஜனவரியில் அவர் இல்லை. அதைப் போய் 'எண் 3' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்புறம், சுருக்கப் பதிப்புகள் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குப் பழைய செய்திதான், இருந்தாலும் திரும்பச் சொல்வேன். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' புத்தகங்களை எரிக்கும் அரசைப் பற்றிய நாவல். அதன் முதல் வடிவத்தை அவர் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், அரை மணிக்குப் பத்து சென்ட் போட்டால் ஓடும் வாடகைத் தட்டச்சுப் பொறியில் அடித்தார், மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். 1953-இல் நாவலாக வந்தது. 1967-இல் பதிப்பகமே பள்ளிகளுக்காக அதில் சுமார் 75 இடங்களில் கை வைத்தது. வசைச்சொற்கள் போயின, குடிகாரர் நோயாளி ஆனார். எழுதியவருக்கே தெரியாது! பல வருடம் கழித்து விஷயம் தெரிந்து, அவர் சண்டை போட்டுத்தான் முழு வடிவம் திரும்பியது. நாவலின் கடைசியில் ஆளுக்கொரு புத்தகமாக மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் வருகிறார்களே, அவர்கள் யாரும் கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்யவில்லை.

ரஷ்ய எழுத்தாளர் ஜம்யாதினின் 'நாங்கள்' நாவல் 1921 வாக்கில் எழுதி முடிக்கப்பட்டது. சோவியத்தில் அச்சேற விடவில்லை, ஆங்கிலத்தில் 1924-இல் நியூயார்க்கில் வந்தது, சொந்த நாட்டில் வர 1988 ஆனது. ஆர்வெல் 1946-இல் அதற்கு மதிப்புரை எழுதியிருக்கிறார், '1984'-க்கு முன்னால் படிக்க வேண்டிய நாவல்.

சரி, பத்து கேட்டீர்கள், மூன்று சொல்லிவிட்டேன். குழுவுக்கு முதலில் '451' வாங்குங்கள், ஒரே பிரதி போதும். முழுப் பதிப்புதானா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, ஒரு பென்சிலையும் உள்ளே வைத்து அடுத்தவரிடம் கொடுங்கள்.