பேய், பசாசு, அலகை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தென்மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்களுடையது நான்கு தலைமுறைக் கத்தோலிக்கக் குடும்பம். என் அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. சென்ற ஆண்டு கல்லூரி விடுதியில் அவளுக்கு முதன்முறையாக வலிப்பு வந்தது. மருத்துவர் இரண்டு வேளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதங்களாக வலிப்பு வந்து தெளியும் நேரத்தில் அவள் வேறு குரலில் பேசுகிறாள். எங்கள் தெருவில் வெகுகாலத்துக்கு முன் கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பெண்ணின் பெயரைத் தன் பெயர் என்கிறாள். உறவினர்கள் அவளை ஒரு செபக்கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அதை நடத்துகிறவர் குருவானவர் அல்லர். அவர் அவளுக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட பேயிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, “மாத்திரை போட்டால் பேய் உள்ளே ஒளிந்துகொள்ளும், நிறுத்திவிடுங்கள்” என்றார். அண்ணனும் நிறுத்திவிட்டார். எங்கள் பங்குத்தந்தையோ, “முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்” என்கிறார். “இந்தக் காலத்துச் சாமியார்களுக்கே விசுவாசம் இல்லை” என்று வீட்டில் பேச்சு. பசாசு உண்டு என்று திருச்சபை இன்றும் கற்பிக்கிறதா? பேயோட்டும் அதிகாரம் யாருக்கு உண்டு? மாத்திரை கொடுப்பது விசுவாசக் குறைவா?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு மட்டுமே அவசரம் இருக்கிறது. இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிப்பதற்கு முன்பே அந்த மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை கொடுப்பது விசுவாசக் குறைவு என்று கத்தோலிக்கத் திருச்சபை எந்தக் காலத்திலும் கற்பித்ததில்லை. சொல்லப்போனால், பேயோட்டும் சடங்குக்கான அதன் பழைய நூலிலேயே இதற்கு நேர்மாறான கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பசாசு உண்டு என்று திருச்சபை இன்றும் கற்பிக்கிறது. இதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்து 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், தீமையிலிருந்து விடுவிக்கும்படி கர்த்தர் கற்பித்த செபத்தில் நாம் வேண்டும்போது அந்தத் தீமை வெறும் கருத்து அன்று, சாத்தான் என்னும் ஓர் ஆளைக் குறிப்பது என்கிறது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் மடலில், பசாசைத் தொன்மம் என்றோ, உருவகம் என்றோ, சின்னம் என்றோ எண்ணிவிடக் கூடாது என்று எழுதினார். ஆகவே “படித்த சாமியார்கள் பசாசை நம்புவதில்லை” என்பது உங்கள் உறவினர்களின் கற்பனை. ஆனால் திருச்சபை கற்பிக்கும் பசாசும் அந்தச் செபக்கூட்டத்தில் ஒரு மணி நேரம் விசாரிக்கப்பட்ட பேயும் ஒன்றா என்பது வேறு கேள்வி. உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது அந்த இடத்தில்தான்.

நம் மொழியில் பேய் என்றால் இறந்தவரின் ஆவி. தூக்கில் தொங்கியவர், கிணற்றில் விழுந்தவர், பிரசவத்தில் இறந்தவர் என அகாலத்தில் போனவர்கள் ஆசை தீராமல் திரிந்து, தனியே போகிற பெண்ணைப் பிடிப்பார்கள் என்பது நாம் குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்தது. நற்செய்தி நூல்களைத் தமிழாக்கியவர்களும் இதே சொல்லைத்தான் எடுத்தார்கள். இயேசு “பேய்களை ஓட்டினார்” என்று படிக்கிறோம். பழைய செபப் புத்தகங்களில் பசாசு என்று இருந்தது. விவிலியத்தின் இன்றைய பொது மொழிபெயர்ப்பு சாத்தானைக் குறிக்க, வள்ளுவர் 850ஆம் குறளில் ஆண்ட ‘அலகை’ என்ற பழஞ்சொல்லைத் தூசு தட்டி எடுத்திருக்கிறது. அந்தக் குறளில் அலகை என்று இகழப்படுகிறவன், உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்று சாதிக்கிறவன். (உங்கள் பங்குத்தந்தையை உறவினர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள் போலும்.) சொல் எதுவானாலும், திருச்சபையின் போதனையில் அது குறிப்பது வீழ்ந்த வானதூதரை, நம் பாட்டிகளின் மொழியில் சொன்னால் கெட்டுப்போன சம்மனசை; இறந்த மனிதரை ஒருபோதும் குறிப்பதில்லை. இறந்த ஒவ்வொருவரின் ஆன்மாவும் இறப்பின் கணத்திலேயே கடவுளின் தீர்ப்புக்குப் போகிறது என்பது அதே மறைக்கல்வியின் போதனை. கிணற்றில் விழுந்த அந்தப் பெண், கத்தோலிக்கக் கணக்குப்படி, உங்கள் தெருவில் காத்திருக்க முடியாது.

புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் ராஜாவூர் மிக்கேல் அதிதூதர் கோயிலுக்கும் எல்லாச் சமயத்தாரும் பேய் பிடித்ததாக நம்பப்படுகிறவர்களை அழைத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அந்த மக்களின் வேதனையையோ அந்தோணியாரிடம் அவர்களுக்குள்ள நம்பிக்கையையோ நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே ஆடிக்கொண்டு தன் பெயரையும் ஊரையும் சொல்லும் பேய் நம் மண்ணின் பேய்; திருச்சபையின் ஏடுகளில் உள்ளதன்று. “பேய் பொய் சொல்லும், அது இறந்த பெண்ணைப் போல நடிக்கிறது” என்று அந்தச் செபக்கூட்டத்துக்காரர் விளக்கக்கூடும். அப்படியானால், பொய் மட்டுமே சொல்வதாக அவரே நம்பும் ஒன்றிடம் ஒரு மணி நேரம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்?

ஏடுகள் என்றேன். அவற்றில் முதலாவது, திருச்சபையின் ஆயர்கள் 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தின் ஏடு. அப்போது தெற்குப் பிரான்சில் கத்தார்கள் என்ற பிரிவினர், உலகை ஆள்வன நல்லதும் கெட்டதுமாகிய இரு மூலங்கள், உடலும் பொருளும் கெட்டதன் படைப்பு என்று போதித்துவந்தார்கள். அவர்களுக்கு மறுப்பாகச் சங்கம் எழுதிய வரி இது: பசாசும் மற்றப் பேய்களும் கடவுளால் இயல்பில் நல்லவர்களாகவே படைக்கப்பட்டார்கள், தாங்களாகவே தீயவர்களானார்கள். பயமுறுத்துவதற்காக எழுதப்பட்ட வரி அன்று இது. கடவுளுக்குச் சமமான எதிரி ஒருவன் இல்லை, இருப்பது ஒரு படைப்பு, அதுவும் கெட்டுப்போன படைப்பு என்று பசாசின் அளவைக் குறைத்துக் காட்டுவது. மறைக்கல்வியும் சாத்தானின் வல்லமை எல்லையற்றதன்று, அவன் ஒரு படைப்பே என்கிறது. மாத்திரைக்குப் பயந்து உள்ளே ஒளிந்துகொள்ளும் பேய், ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்ணைக் கடவுள் பார்த்திருக்கவே தன் சொத்தாக்கிக்கொள்ளும் பேய், ஒரு மனிதர் குரலை உயர்த்தினால் மட்டும் அடங்கும் பேய், இவையெல்லாம் பெயரளவில் கிறிஸ்தவப் போதனை. உள்ளே இருப்பது கத்தார்களின் இரண்டாம் கடவுள்.

பேயோட்டுதல், திருமுழுக்கு, நற்கருணை போன்ற ஏழு அருளடையாளங்களில் ஒன்றன்று; தீர்த்தம் மந்திரிப்பது, வீடு மந்திரிப்பது ஆகியவற்றின் வரிசையில் வருவது. அதன் எளிய வடிவம் ஒவ்வொரு திருமுழுக்கிலும் இருக்கிறது. உங்கள் அண்ணன் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே அது செய்தாயிற்று. 251ஆம் ஆண்டுவாக்கில் உரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய மடல் ஒன்றில், அந்த நகரத் திருச்சபையில் 46 குருக்கள் இருந்ததாகவும், பேயோட்டுநர், வாசகர், வாயில்காப்போர் சேர்ந்து 52 பேர் இருந்ததாகவும் கணக்கு இருக்கிறது. அதாவது பேயோட்டுநர் என்பது வாயில்காப்போருடன் சேர்த்து எண்ணப்பட்ட ஒரு சிறு பணிநிலை. பிற்காலத்தில் குருவாகப் போகிற எல்லாரும் அதைப் பெயருக்கு ஒரு படியாகக் கடந்தார்கள். அந்தப் பணிநிலையைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972 ஆகஸ்டில் நீக்கினார். அதே ஆண்டு நவம்பரில் அதே திருத்தந்தை, இன்றைய திருச்சபையின் பெரிய தேவைகளில் ஒன்று பசாசிடமிருந்து பாதுகாப்பு என்று பேசினார். ஒரே மனிதர், மூன்று மாத இடைவெளி. இதை முரண்பாடு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசாசின் வேலையில் பெரும்பகுதி சோதனை, அதாவது மனிதரைத் தாமாகவே தீமைக்குச் சம்மதிக்கவைப்பது என்றும், ஓர் உடலைப் பிடித்து ஆட்டுவது அரிது என்றும் கருதுகிறவர், முன்னதைப் பற்றி எச்சரிப்பதும் பின்னதற்கென்று ஆள்தோறும் பட்டம் வழங்குவதை நிறுத்துவதும் பொருந்தியே வருகின்றன.

அதிகாரம் பற்றிய விதி தெளிவானது. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1172ஆம் சட்டத்தின்படி, பேய் பிடித்தவர் மேல் பேயோட்டும் சடங்கை நடத்த மறைமாவட்டத் தலைவரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி வேண்டும். அதுவும் பக்தி, அறிவு, விவேகம், மாசற்ற வாழ்வு உள்ள ஒரு குருவுக்கே தரப்படலாம். உங்கள் பங்குத்தந்தையே நினைத்தாலும் அனுமதியின்றிச் செய்ய முடியாது. செபக்கூட்டங்களைப் பொறுத்தவரை, 1985 செப்டம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் இராட்சிங்கரின் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) கையொப்பத்துடன், எல்லா ஆயர்களுக்கும் ஒரு மடல் அனுப்பியது: அதிகாரம் பெறாதவர்கள் பேய்களிடமிருந்து விடுதலை வேண்டும் கூட்டங்களை நடத்தி, அவற்றை நேரடியாக விளிப்பதையும் அவற்றின் அடையாளத்தைக் கண்டறிய முயல்வதையும் ஆயர்கள் அனுமதிக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் நடந்ததை இதைவிடச் சரியாக வருணிக்க முடியாது. நோயாளிக்காக யாரும் செபிக்கலாம். பேயை விசாரிக்கக் கூடாது.

இனி அந்தப் பழைய நூல். 1614இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூலில் பேயோட்டுகிறவருக்கான விதிகள் இலத்தீனில் வரிசையாக இருக்கின்றன. தொடக்கத்திலேயே உள்ள கட்டளை: ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிட வேண்டாம், கரும்பித்தத்தாலோ வேறு நோயாலோ வருந்துகிறவரிடமிருந்து பிடிபட்டவரைப் பிரித்தறியும் அடையாளங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரும்பித்தம் என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவத்தில் மனச்சோர்வுக்கும் மனப்பிறழ்வுக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது. பித்தம் மிஞ்சினால் பித்து என்று சொல்லும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறியாத மொழியில் விரிவாகப் பேசுவது, தொலைவிலுள்ளதையும் மறைந்திருப்பதையும் வெளிப்படுத்துவது, வயதையும் இயல்பையும் மீறிய வலிமை காட்டுவது ஆகியவற்றை அந்நூல் அடையாளங்களாகச் சொல்கிறது. பல சேர்ந்து வந்தால்தான் அவற்றுக்கு வலு என்றும் சொல்கிறது. தெருவே அறிந்த ஒரு பெயரை, அந்தத் தெருவில் வளர்ந்த ஒரு பெண் சொல்வது இவற்றில் எதிலும் சேராது. கூட்டத்தைவிட்டு விலக்கி வைத்தே சடங்கைச் செய்ய வேண்டும், வீண் கேள்விகள் கூடாது என்ற விதிகளும் உண்டு. நான் முன்பு சொன்ன கட்டளையும் அங்கேதான் இருக்கிறது: பேயோட்டுகிறவர் எந்த மருந்தையும் கொடுக்கவோ பரிந்துரைக்கவோ கூடாது, அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். மருந்து கொடுக்கவே உரிமை இல்லாதவருக்கு மருந்தை நிறுத்த உரிமை எங்கிருந்து வரும்? நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய விதி இது. உங்கள் பங்குத்தந்தை ‘இந்தக் காலத்துச் சாமியார்’ அல்லர்.

அந்த நூலின் பேயோட்டும் பகுதிக்கு மாற்றாக 1998இல் புதிய சடங்கு நூல் வந்தது. அது மருத்துவத்திலும் மனநோய் மருத்துவத்திலும் தேர்ந்தவர்களைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. சடங்கைக் காட்சியாக்கக் கூடாது, ஊடகங்களை அனுமதிக்கக் கூடாது என்கிறது. யூடியூபில் ஓடும் காட்சிகளை உங்கள் உறவினர்கள் சான்றாகக் காட்டினால், அவை விதிக்கு மாறானவை என்பதற்கு அவையே சான்று என்று சொல்லுங்கள்.

அனுமதியும் விதியும் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் கிளிங்கன்பெர்க் என்ற சிற்றூரைச் சேர்ந்த அன்னலீசே மிஷெல் என்ற கல்லூரி மாணவிக்குப் பதினாறு வயதில் வலிப்பு வந்தது. மருத்துவர்கள் காக்காய்வலிப்பு என்று கண்டு மருந்து கொடுத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவள் குரல்களைக் கேட்டாள், திருப்பொருள்களைக் கண்டு வெறுப்புக் கொண்டாள், தன்னைப் பசாசு பிடித்திருப்பதாக அவளும் நம்பினாள், குடும்பமும் நம்பியது. 1975 செப்டம்பரில் வூர்ஸ்பர்க் ஆயர் அனுமதி அளித்தார். இரண்டு குருக்கள் 1614ஆம் ஆண்டின் முறைப்படி, ஏறத்தாழ பத்து மாதங்களில் 67 முறை சடங்கை நடத்தினார்கள். இடையில் அவள் உணவை மறுத்தாள். 1976 ஜூலை முதல் நாள் உணவும் நீரும் இன்றி இறந்தபோது அவளுக்கு வயது 23, எடை சுமார் 31 கிலோ. 1978இல் அஷாஃபன்பர்க் நீதிமன்றம் பெற்றோரையும் இரு குருக்களையும், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக, நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத் தண்டனைக்கு உள்ளாக்கியது.

இந்த வழக்கில் என்னை வாட்டுவது அங்கே கொடியவர் யாரும் இல்லை என்பதுதான். பெற்றோர் மகளை நேசித்தவர்கள். குருக்கள் பணத்துக்குச் செய்தவர்கள் அல்லர். ஆயரின் அனுமதி கையில் இருந்தது. ஆனால் ‘எளிதில் நம்பிவிட வேண்டாம்’ என்பதை ஒருமுறை கேட்டுக்கொண்டு கடந்துவிடும் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். அனுமதி வந்தபின் அந்தக் கேள்வியை யாரும் மீண்டும் கேட்கவில்லை. பத்தாவது முறையில் பலன் இல்லை, முப்பதாவதில் இல்லை, அவள் எலும்பாகிறாள் என்ற ஒவ்வொன்றும் பேயின் பிடிவாதத்துக்கே சான்றாகிவிட்டது. உங்கள் அண்ணனின் வீட்டிலும் அது தொடங்கிவிட்டது: மாத்திரையை நிறுத்தியபின் வலிப்பு அதிகமானால், அதைப் பேயின் கோபம் என்றுதான் சொல்வார்கள்.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள்; மகளைக் காப்பாற்றத்தான் அவரும் அலைகிறார். “முதலில் நிரூபியுங்கள், பேய் இல்லை என்று” என்ற விவாதத்திலும் இறங்காதீர்கள், அது முடியாது. பங்குத்தந்தையை வீட்டுக்கு அழைத்து நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைத் தரும்படி கேளுங்கள். அது அருளடையாளம், கடும் நோயுற்ற கத்தோலிக்கருக்கு உரியது, அதற்கு யாரும் பேயை நிரூபிக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கும் கடவுளைக் கைவிட்ட உணர்வு வராது. மேற்கொண்டு ஐயம் இருந்தால், மருத்துவ அறிக்கைகளுடன் ஆயரின் அலுவலகத்தை அணுகும்படி அவரிடம் சொல்லுங்கள். அங்கே அவரிடம் முதலில் கேட்கப்போவதும் அந்த அறிக்கைகளைத்தான். பெண்ணிடம் தனியே உட்கார்ந்து, இதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். ஒருவேளை பேயே பிடித்திருந்தாலும் அது பாவமன்று என்பதுதான் திருச்சபையின் நிலை, வலிப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதையும் அந்த வேறு குரலைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்புக்குப் பின் வரும் குழப்பநிலையைப் பற்றி அவர் உங்களிடம் கேட்கக்கூடும், அது எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.