8 வயதுக் குழந்தை நன்றாகப் பேசுகிறது, படிப்பில்தான் பின்தங்குகிறது. லேசான அறிவுசார் குறைபாடாக இருக்குமா?

நன்றாகப் பேசுகிறது என்பதற்காக 'இருக்காது' என்று முடிவு கட்டிவிட முடியாது. அறிவுசார் குறைபாடு என்றால் யோசித்துப் புரிந்துகொள்வதிலும் அன்றாட வேலைகளிலும் வயதுக்குப் பின்தங்குவது. அதன் லேசான வகையில் முகம், நடை, சாதாரணப் பேச்சு எதிலும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். பள்ளியில் பாடம் கனக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கும் பிடிபடுகிறது. அதுவரை 'சோம்பேறி' என்ற பட்டம்தான்.

மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு வீட்டில் கவனியுங்கள். "உள்ளே போய் நீலப் பேனாவை எடு, தங்கச்சிகிட்ட கொடு, வரும்போது விளக்கை அணை" என்று மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். 8 வயதில் இது வர வேண்டும். ஒருநாள் முதல் வேலையோடு நின்றால் விளையாட்டுப் புத்தி. வாரக்கணக்கில் அப்படியே என்றால் குறித்து வையுங்கள். சின்னக் கதை ஒன்று சொல்லி, கேள்வி கேளுங்கள். குறைபாடு இருக்கும் குழந்தையிடம் 'யார்', 'என்ன' என்றால் பதில் வரலாம். "அவன் ஏன் ஓடினான்?" என்றதும் கதையின் ஏதோ ஒரு வரியையே திருப்பிச் சொல்லலாம்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தலையாட்டித் தப்பிப்பதில் இந்தக் குழந்தைகள் கெட்டிக்காரர்கள். "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

தாளில் 7+5 போடும் குழந்தை, பென்சில்களை வைத்துக் கேட்டால் முழிக்கலாம். நேற்று, நாளை குழப்பம், மீதிச் சில்லறை பார்க்கத் தெரியாதது, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மட்டுமே ஒட்டுவது, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது எல்லாம் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். வாசிப்பு மட்டும் தடுமாறி, வாயால் கேட்டால் 'டக்'கென்று காரணம் சொல்கிற குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம், அது வேறு.

முதலில் காது, கண் பரிசோதனை. பிறகு தைராய்டு, ரத்தசோகை. சில நொடிகள் வெறித்துப் பார்த்து மீள்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கற்ற திறனை இழந்துவருகிறது என்றால் எதற்கும் காத்திருக்கக் கூடாது.

அடுத்து உளவியலாளர். ஐக்யூ (அறிவுத்திறன் சோதனையில் வரும் எண்) லேசான வகைக்குரிய சுமார் 50 முதல் 70 வரை வந்தாலும் எண் மட்டும் போதாது. குளிப்பது, உடுத்துவது, பழகுவது பற்றியும் உங்களிடம் விரிவாகக் கேட்க வேண்டும். கேட்காமல் அறிக்கை கொடுத்தால் ஏற்காதீர்கள். சோதனை குழந்தைக்குப் பழகிய மொழியில் நடக்கட்டும். இல்லையென்றால் எண் பொய்யாகக் குறையும். போகும்போது பள்ளி நோட்டுகளையும் வீட்டில் கவனித்து எழுதிய 2 வாரக் குறிப்பையும் கொண்டுபோங்கள்.