தனியாகப் போகிறவர்களுக்கான 'எல்லாம் அடங்கிய' ஹாஸ்டல் ஸ்கீ விடுமுறை: அது என்ன, ஏன் மலிவு?

ஒரே கட்டணத்தில் படுக்கை, சாப்பாடு, ஸ்கீ (பனிச்சரிவில் சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகை), பூட்ஸ், மலை மேலே ஏற்றிவிடும் லிஃப்ட்டுக்கான பாஸ், பெரும்பாலும் பயிற்சியும் வந்துவிடும். அறை மட்டும் உங்களுக்கே உங்களுக்கு இல்லை. முன்பின் தெரியாத சிலரோடு பங்கு. பிரான்சில் 1965-இல் தொடங்கிய யுசிபிஏ என்ற லாப நோக்கில்லாத அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். ஆல்ப்ஸ் மலையில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்கீ ஊரான வால் தொரான்ஸிலும் அதற்கு விடுதி உண்டு.

மலிவுக்குக் காரணம் எளிது. ஹோட்டல் அறையை விற்கிறது. ஒருவர் போனாலும் இருவருக்கான வாடகைதான் ஏறக்குறைய. ஹாஸ்டல் கட்டிலை விற்கிறது. தனி ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் உள்ள அதே வித்தியாசம்: ஷேர் ஆட்டோவில் உங்கள் சீட்டுக்கு மட்டும் காசு, முழங்கால் இடிக்கும், பக்கத்தில் யார் என்பது உங்கள் கையில் இல்லை. அப்புறம், ஸ்கீயும் பூட்ஸும் விடுதியுடையதே என்பதால் வாடகைக் கடைக்குத் தனியாக அழ வேண்டியதில்லை.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு லாபம், என் கணக்கில் இதுதான் பெரியது: பயிற்சி குழுவாக நடக்கும். காலையில் சேர்ந்து விழுந்து எழுந்தவர்கள், மாலையில் ஈரக் கையுறையைக் காயப்போடும்போது நண்பர்களாகியிருப்பார்கள்.

'எல்லாம் அடங்கியது' என்றதும் வெறுங்கையோடு போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் ஜாக்கெட், கையுறை, பனிக்கான கண் கண்ணாடி, விபத்துக் காப்பீடு, பாரில் குடிப்பது எல்லாம் பொதுவாக உங்கள் செலவுதான்.