ஆலைப் பொருள் அரும்பொருள் ஆவது எப்படி? – கேள்வி பதில்

ஆயிரக்கணக்கில் செய்து தள்ளப்பட்ட பொருட்களில் சில மட்டும் சேகரிப்பாளர்களிடம் ஏன் விலை ஏறுகின்றன என்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, ஒரு பொருள் பழையதானாலே மதிப்பு கூடிவிடுமா?

பதில்: கூடாது. 1840இல் வெளிவந்த ‘பென்னி பிளாக்’தான் உலகின் முதல் ஒட்டும் தபால்தலை. ஆனால் அது 6 கோடிக்கும் மேல் அச்சானது, நிறையவே பிழைத்திருக்கின்றன. முத்திரை விழுந்த சுமாரான ஒன்றை நடுத்தர வருமானக்காரரும் வாங்க முடியும். 1918இல் அமெரிக்கா வெளியிட்ட 24 சென்ட் தலை ஒன்றில் விமானம் தலைகீழாக அச்சாகிவிட்டது. அப்படி விற்பனைக்குப் போனது 100 தலைகள் கொண்ட ஒரே தாள். அதில் ஒன்றை வாங்க இன்று ஒரு சொத்தையே விற்க வேண்டும். எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். வயதைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: ‘சேகரிப்பாளர்களுக்கான சிறப்புப் பதிப்பு’ என்று விற்பதை வாங்கி வைத்தால் லாபம் வருமா?

பதில்: பிடித்திருந்தால் வாங்குங்கள். லாபத்துக்காக என்றால் வேண்டவே வேண்டாம். எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் எப்படி அரிதாகும்?

சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938இல் 10 சென்டுக்கு விற்றது. பிள்ளைகள் படித்தார்கள், கிழித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டியபோது காமிக்ஸ்களும் கட்டுக்கட்டாகப் போயின. அந்த அழிவுக்குத் தப்பிய ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1992இல் சூப்பர்மேன் இறக்கும் இதழ் கறுப்பு உறையில் வந்தது. லட்சக்கணக்கானோர் பிரிக்காமலே பூட்டி வைத்தார்கள். இன்றும் அது மலிவாகக் கிடைக்கிறது. 1990களில் ‘பீனி பேபீஸ்’ துணிப் பொம்மைகளின் தயாரிப்பை ஒவ்வொன்றாக நிறுத்திப் பரபரப்பைக் கிளப்பினார்கள். அந்தச் சந்தையும் சில ஆண்டுகளில் சரிந்தது. மிச்சமிருப்பதற்கு விலை ஏற்றிவிடுபவர்கள், பயன்படுத்தித் தேய்த்து, தொலைத்து, தூக்கி எறிந்தவர்களே என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கடையில் விலைபோகாமல் கிடந்தவை பின்னாளில் உயர்ந்ததுண்டா?

பதில்: உண்டு. ரோலக்ஸ் டேடோனா கைக்கடிகாரத்தின் ஒருவகை வண்ண டயலை 1960களில் வாங்குவாரில்லை. அதனால் குறைவாகவே செய்தார்கள். நடிகர் பால் நியூமன் அணிந்த பிறகு அந்த வகைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. அவர் சொந்தமாக அணிந்திருந்த ஒன்று 2017இல் 1 கோடியே 77 லட்சம் டாலரைத் தாண்டியது. யார் கையில் இருந்தது என்பதற்கும் விலை உண்டு, சான்று இருந்தால்.

கேள்வி: அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை பாலிஷ் போட்டு விற்கலாமா?

பதில்: தயவுசெய்து கை வைக்காதீர்கள்! விவரம் தெரிந்தவர் முதலில் லென்ஸைத்தான் எடுப்பார். எண்களின் அருகிலுள்ள ஒளிரும் புள்ளிகள் பழுத்த மஞ்சளாக இருந்து, முட்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால், முட்களை மாற்றியிருக்கிறார்களோ என்று சந்தேகிப்பார். டயலின் எழுத்துகள் விளிம்பில் கசிந்தாற்போலத் தெரிந்தால் மறுபடி அச்சடித்தது என்பார். பாலிஷ் போட்டால் உறையின் கூர்மையான ஓரங்கள் மழுங்கிவிடும். போன உலோகம் திரும்பாது.

கேள்வி: பொம்மைக்குப் பெட்டி அவ்வளவு முக்கியமா?

பதில்: மிக முக்கியம். பொம்மையை வைத்துக்கொண்டு பெட்டியைத்தானே எல்லோரும் எறிவார்கள்! போலிகளையும் அது ஓரளவு தடுக்கும். 1978இல் வந்த, ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ‘ஜாவா’ பாத்திரப் பொம்மைக்கு முதலில் வினைல் (பிளாஸ்டிக்) மேலங்கி. சீக்கிரமே துணிக்கு மாற்றிவிட்டார்கள். வினைல் அங்கிக்கு இருக்கும் கிராக்கியால், வேறு பொம்மையின் அங்கியை வெட்டிப் போர்த்தி ஏமாற்றுகிறார்கள். பொம்மையின் அட்டை உறை பிரியாமல் இருந்தால் அந்தச் சந்தேகம் பெரிதும் குறையும்.

கேள்வி: எப்போது விற்பது நல்லது?

பதில்: அந்தப் பொருளோடு வளர்ந்த பிள்ளைகள் நாற்பதைத் தொட்டுக் கையில் காசு புழங்கும்போது. அந்தத் தலைமுறை ஓய்ந்தால் பல பொருட்களின் விலையும் இறங்கும்.

கேள்வி: என்னிடம் இருப்பவை கீறல் விழுந்தவை, பெட்டியும் இல்லை. எறிந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பொம்மையின் குட்டித் துப்பாக்கி, சக்கரம், மூடி போன்றவைதான் முதலில் தொலையும். தன் பொம்மையை முழுமையாக்க யாரோ ஒருவர் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார். உள்ளே பாட்டரி இருந்தால் மட்டும் இன்றே கழற்றிவிடுங்கள். கசிந்தால் தகடுகளை அரித்துவிடும்.