கேபிளை நிறுத்திய பிறகு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

செய்திச் சேனல் பார்ப்பதை விட்டுவிட்டேன், கைக்கு ஆகிற வேலையை நானே செய்துகொள்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் வீட்டில் கேபிளை நிறுத்தினேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். முன்பெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு வந்து விவாதத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். இப்போது நிம்மதிதான். ஆனால் மதியம் கேன்டீனில் எல்லாரும் ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள், எனக்குத் தெரிவதில்லை. உலகம் தெரியாத ஆள் என்று கிண்டல் வேறு.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரே மூடப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். ஊரிலிருந்து மாமனார் அழாத குறையாகப் போன் செய்தார். எங்களுக்கு ஐரோப்பா ஆர்டர்தான், ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கம்பெனியில் நிஜமாகவே ஆள் குறைத்தார்கள். இதில் எதை நம்புவது?

இன்னொன்றைக் கோபமாகவே கேட்கிறேன். குழாய்க்கு வாஷர் மாற்றுவது, ஃபேனுக்கு கன்டென்சர் மாற்றுவது எல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவனுக்குத் தன் கையே தனக்குதவி என்பது ஒரு சொகுசுதானே?

கடைசியாக, சீரியல் போய்விட்டதென்று அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நன்றாயிருக்கிறது, அருமை என்று வருகிற கடிதங்களுக்கு என்ன பதில் எழுதுவதென்றே எனக்குத் தெரிவதில்லை. கோபமாக வந்தால் எழுத முடிகிறது.

எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வரியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள், அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆகஸ்ட் 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி இன்னொரு 25, ஆக மொத்தம் 50. இது நடந்தது. ஆனால் அது யார் தலையில் விழும் என்பது சரக்கு வாங்குகிற எந்த நாட்டு பையருக்குத் தைக்கிறார்கள், சரக்கு எந்தத் தேதியில் கப்பலேறுகிறது, பையர் விலையில் எவ்வளவு குறைக்கச் சொல்கிறார், அந்தக் குறைப்பை முதலாளி தாங்குகிறாரா அல்லது கூலிக்குச் செய்துகொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டின் பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில் கை வைக்கிறாரா என்பதையெல்லாம் பொறுத்தது. இதில் பாதி உங்கள் கேன்டீனிலேயே தெரிந்த விஷயம். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசுகிற நான்கு பேருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் கிடையாது, அதனால் ‘திருப்பூர் மூடுகிறது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். உங்கள் மாமனாருக்கு அது தேவைக்கு மேல் பயத்தைக் கொடுத்தது. பக்கத்துக் கம்பெனியில் வேலை போன பவர்டேபிள் (தையல் மெஷின்) ஆளுக்கோ எந்த உதவியும் செய்யவில்லை. தனக்கு எவ்வளவு பாக்கி வர வேண்டும், பி.எஃப். ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா, அடுத்து எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதுதானே அவருக்கு வேண்டிய செய்தி?

உங்களிடம் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு தொழில் இருக்கிறது. இரண்டையும் உள்ளேயிருந்து பார்த்தவர் நீங்கள். அவற்றைப் பற்றி வருகிற செய்தியில் எவ்வளவு தப்பு என்று உங்களால் சொல்ல முடியும். சரி, அதே ஆட்கள்தானே அதே அவசரத்தில் மணிப்பூரைப் பற்றியும் காசாவைப் பற்றியும் சொல்கிறார்கள்? திருப்பூர் செய்தி வரும்போது இவனுங்களுக்கு ஒண்ணும் தெரியலை என்று சிரிக்கிறோம். அடுத்த செய்திக்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். நான் சேனலை விட்டதற்குக் காரணம் வெறுப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த விநோதம் என்னிடமே இருந்ததைப் பார்த்ததுதான் காரணம்.

2023-இல் உங்கள் ஊரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஒரு வீடியோ. வடமாநிலத் தொழிலாளிகள் கும்பலாகச் சேர்ந்து உள்ளூர் ஆட்களைத் துரத்துகிறார்கள். தமிழ்நாட்டு வாட்ஸ்அப் முழுக்க அதுதான், தமிழனுக்குத் தமிழ்நாட்டிலேயே பாதுகாப்பில்லை என்று அவரவர் பங்குக்கு வசனம் எழுதினார்கள். டீக்கடையில் சிகரெட் புகை விட்டதில் ஆரம்பித்த தகராறு என்று பிறகு போலீஸ் சொன்னது. மார்ச் மாதம் அப்படியே தலைகீழ். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று இந்தியில் செய்தியும் வீடியோவும் பரவியது. பீகார் சட்டமன்றத்தில் அமளி, அங்கிருந்து அதிகாரிகள் குழு கிளம்பி வந்து திருப்பூரிலும் கோவையிலும் விசாரித்தது. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திரபாபு, பரவுகிற இரண்டு வீடியோவும் முன்பு நடந்த வேறு சம்பவங்கள், ஒன்று பீகார் ஆட்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது, இன்னொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. வதந்தி பரப்பியதாகப் பத்திரிகை ஆட்கள் மேலும் ஒரு யூடியூபர் மேலும் வழக்கு வந்தது. மார்ச் 8 ஹோலி. வருஷா வருஷம் ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் ரயில் நிலையத்தில் நின்றதைக்கூட, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று காட்டினார்கள்.

ஒரே ஊர், இரண்டு மாத இடைவெளி, ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு கதை. இரண்டையும் நம்ப லட்சக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பீர்கள்? உங்கள் செக்கிங் டேபிளில் எதிரே நின்ற பீகார் பையனிடம் என்னடா ஊருக்குப் போறியா என்று கேட்டிருப்பீர்கள். போனில் அவன் அம்மா அழுததையும், இங்கே ஒன்றுமில்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதையும் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு இருந்தது ஒரு போன் மட்டும்தான். ஆனால் அந்த அம்மா கடைசியில் நம்பியது டிவியையும் இல்லை, டிஜிபியையும் இல்லை, மகன் குரலைத்தான். எனக்குத் தெரிந்து செய்தி என்பது இப்படித்தான் உறுதியாகிறது. அங்கே இருக்கிற, நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு ஆள் சொல்ல வேண்டும்.

சேனல்காரர்களைக் கேட்டால் டிஆர்பி-யைக் கை காட்டுவார்கள். அந்தக் கணக்கை எடுக்கிற ‘பார்க்’ என்ற அமைப்பு, மும்பையில் ரேட்டிங் மோசடி வழக்கு வந்ததும் 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களுக்குத் தனித்தனி ரேட்டிங் வெளியிடுவதை நிறுத்தியது. மறுபடி தொடங்கியது 2022 மார்ச்சில். நடுவில் ஒன்றரை வருஷம் யார் முதலிடம் என்ற கணக்கே வெளியில் கிடையாது. கூச்சல் குறைந்ததா? எனக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. 24 மணி நேரத்தையும் எதையாவது போட்டு நிரப்பியே ஆக வேண்டும், ஸ்டுடியோவில் நான்கு பேரை உட்கார வைத்துச் சண்டை மூட்டிவிடுவது ஒரு நிருபரை சீவலப்பேரிக்கோ சீர்காழிக்கோ அனுப்புவதைவிட மலிவு. அவ்வளவுதான் விஷயம். இதில் பெரிய சதி ஒன்றும் தேடத் தேவையில்லை.

ஆனால் ஒன்று. சேனலை விட்டுவிட்டு அந்த இடத்தில் ஃபார்வர்டு மெசேஜையும், ஊடகங்கள் சொல்லாத உண்மை என்று ஆரம்பிக்கிற யூடியூபையும் உட்கார வைத்தால் நீங்கள் எதையும் நிறுத்தவில்லை. எல்லாம் பொய் என்கிற ஆளும் எல்லாம் நிஜம் என்கிற ஆளும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், இரண்டு பேருமே எதையும் போய்ப் பார்ப்பதில்லை. உங்கள் ஊர் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாயக்கழிவில் கிணறு கெட்டுப்போனது ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிக்கு எந்தப் பத்திரிகையும் சொல்லித் தெரியவில்லை, நாக்கில் பட்டுத் தெரிந்தது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வருகிற வரைக்கும் அந்த விஷயத்தை ஆறவிடாமல் எழுதிக்கொண்டிருந்த மாவட்ட நிருபர்கள் இருந்தார்கள். மாதச் சம்பளம்கூட இல்லாமல், வெளியான செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஆட்கள் அவர்களில் உண்டு. அவர்களை நான் ஸ்டுடியோக்காரர்களோடு சேர்க்க மாட்டேன். பத்திரிகையில் நான் இன்றைக்கும் விடாமல் படிப்பது மாவட்டப் பக்கம்தான். அதில் வருவதைப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட முடியும்.

நான் இருப்பது ஈரோட்டுப் பக்கம், எங்களுக்கு மஞ்சள். விலை எகிறியது என்று ஒரு தொகையைத் தலைப்பில் போடுவார்கள். அது அன்றைக்கு ஏலத்தில் வந்த நல்ல விரலி மஞ்சளுக்கு, ஏதோ ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலை. கிழங்கு மஞ்சள் என்ன விலை, சுமாரான லாட் என்ன விலைக்குப் போனது, எத்தனை மூட்டை விற்காமல் திரும்பியது என்பதெல்லாம் உள்ளே எங்கேயாவது இருக்கும், சில நாள் இருக்காது. தலைப்பு பொய்யில்லை. ஆனால் அதை நம்பி மூட்டையைப் பிடித்து வைத்திருந்து நஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் மார்க்கெட்டில் இருக்கிற ஆளுக்கு ஒரு போன் போட்டு, குறைந்த விலை என்ன என்று முதலில் கேட்போம்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர் குழாய் வாஷரை மாற்ற வேண்டும் என்று நான் சொன்னால் அது திமிர். மாற்ற வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டிலும் இட்லி மாவு கடையில்தான் வாங்குகிறோம், அதற்காக யாரும் வெட்கப்படவில்லை. எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது ஒரு பொழுதுபோக்கு, எனக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேறு. நம் பணம், நம் உடம்பு, நம் வீடு ஆகிய மூன்றில் ஒருவர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமையில் எங்கெல்லாம் இருக்கிறோமோ அங்கெல்லாம் ஒரு தடவையாவது நாமே மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். அதற்கு ஷிப்ட் ஒரு தடையே இல்லை.

உதாரணத்துக்கு கரண்ட் பில். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏற்றினார்கள். அன்றைக்கு ராத்திரி யார் ஆட்சியில் எவ்வளவு ஏறியது என்று கட்சிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் பார்த்த விவாதத்தில் ஒருவர்கூட, உங்கள் வீட்டு பில் எப்படிக் கணக்காகிறது என்று சொல்லவில்லை. அப்போதைய கணக்கு இது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது எல்லாருக்கும் தெரியும். மொத்தம் 500-க்குள் நின்றால் 101-லிருந்து 200 வரைக்கும் ஒரு மலிவு விலை இருந்தது. 501 ஆனால் அந்த மலிவு போய்விடும், 101-லிருந்தே அடுத்த விலை, மேலே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை எகிறும். அதாவது அந்த ஒரு யூனிட்டுக்கே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போனது. ரீடிங் எடுக்க வருகிற தேதிக்கு ஒரு வாரம் முன்னால் மீட்டரைப் பார்த்து, அட்டையில் எழுதியிருக்கிற பழைய ரீடிங்கைக் கழித்துக்கொண்டால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்கூட ஆகாது. விவாதத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் இருந்தது இல்லையா?

அதே மாதிரி பி.எஃப். உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற 12 சதவீதமும் கம்பெனி போட வேண்டிய 12 சதவீதமும் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று போனிலேயே உமங் செயலியில் பாஸ்புக்கைப் பார்க்கலாம். கம்பெனி போடுகிற அந்த 12-இல் 8.33 பென்ஷனுக்குப் போகும், மிச்சம்தான் உங்கள் கணக்கில் ஏறும், அதனால் இரண்டு தொகையும் ஒன்றாக இல்லையே என்று பதற வேண்டாம். உங்கள் டேபிளில் வேலை பார்க்கிறவர்களில் எத்தனை பேர் இதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்? கேன்டீனில் உலகம் தெரியாத ஆள் என்று கிண்டல் செய்கிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். டிரம்ப் அடுத்து என்ன செய்வார் என்று சொல்வார்கள், தன் கணக்கில் போன மாதம் பணம் ஏறியதா என்று சொல்ல மாட்டார்கள். இதை நக்கலுக்குச் சொல்லவில்லை. நம் எல்லாரையும் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். தூரத்தில் நடப்பதைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தால் விஷயம் தெரிந்தவன், பக்கத்தில் இருப்பதைத் தெரிந்து வைத்திருந்தால் பிழைக்கத் தெரிந்தவன், அதிலும் கொஞ்சம் கேலி.

உலகத்தில் நடக்கிற முக்கியமான விஷயம் எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்ற பயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தவறவிட மாட்டீர்கள். முக்கியமானது எப்படியும் வந்து சேரும், ஒரு நாள் தாமதமாகச் சேரும், அந்த ஒரு நாளில் பாதிப் பொய் தானாக உதிர்ந்திருக்கும். புயல், வெள்ளம், தொற்றுநோய் மாதிரி உடனே தெரிய வேண்டியவை விதிவிலக்கு, அதற்கு வானிலை மையமும் மாவட்ட நிர்வாகமும் நேரடியாகவே அறிவிப்புக் கொடுக்கிறார்கள், அதைப் பாருங்கள்.

அம்மாவுக்கு கேபிளைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள், இன்றைக்கே. பகல் முழுக்கத் தனியாக வீட்டில் இருக்கிறவரின் ஒரே துணையை, என் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள், எனக்கே சங்கடமாக இருக்கிறது. அதுவுமில்லாமல், சீரியலில் நடப்பது நிஜம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம், பக்கத்துக் கம்பெனியில் வேலை போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேறு யூனிட்டில் சேர்ந்தார்களா, வடக்கே இருந்து வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்களா, பீஸ் ரேட் இப்போது என்ன? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். இங்கே சென்னிமலையில் தறிக்காரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.