விறகு காய்ந்தால் வீடு காயும்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். சென்ற வருடம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கினோம். ஹாலில் கல்லால் கட்டிய கணப்பு அடுப்பு இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் பலகை அடித்து மூடிவிட்டார்கள். மார்கழியில் போய்த் தங்கினால் மெத்தை, போர்வை எல்லாம் ஈரம் கோத்தது போல் சில்லென்று இருக்கிறது. கரண்ட் ஹீட்டர் வைத்தும் பத்தவில்லை. கணப்பைத் திறந்து விறகு எரிக்கலாமா? தோட்டத்தில் வெட்டிப் போட்ட சில்வர் ஓக் கட்டைகள் நிறையக் கிடக்கின்றன. மாமியாருக்கு வீசிங் உண்டு என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

பதில்: திறக்கலாம். ஆனால் அந்தக் கட்டைகளை எப்போது வெட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் பதிலில் பாதி அந்தத் தேதியில்தான் இருக்கிறது. மாமியார் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்குத் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும்.

மெத்தை ஈரம் என்று எழுதியிருக்கிறீர்களே, தொந்தரவு அங்கேதான். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. ஒரு ஸ்வெட்டரும் கம்பளியும் இருந்தால் தாங்கிவிடக்கூடிய குளிர்தான். தாங்க முடியாதது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த கல் சுவர், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை, ஜன்னலைத் திறந்தால் உள்ளே வந்து உட்காரும் மேகம். ஃபேன் வைத்த ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று ஓட்டு இடுக்கு வழியாக ஏறிப் போய்விடுகிறது. சுவர் அப்படியே சில்லென்று நின்று, உங்கள் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

நெருப்பு வேலை செய்யும் விதம் வேறு. வெயிலைப் போல அது எதிரே இருப்பதை நேராகச் சுடுகிறது: உங்கள் முழங்கால், நாற்காலி, எதிர்ச்சுவர். அதோடு அறையின் ஈரக் காற்றையும் புகைக்கூண்டு வழியாக இழுத்து வெளியே அனுப்பிவிடுகிறது. துணி காய்வதற்கும் குளிர் காய்வதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை மலைமேல் ஒரு மார்கழி இருந்து பார்த்தால்தான் ரசிக்க முடியும். மாலை ஆறரைக்கு மூட்டி ஒன்பதரைக்குத் தணலாக விட்டால், அந்தப் பக்கத்துக் கல் சுவர் விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும். நாலைந்து நாள் விடாமல் மூட்டினால் மெத்தையின் பூஞ்சை வாசனை போய்விடும். கரண்ட் நின்று போகும் மழை இரவில் வெளிச்சமும் அதுவே. தணல் ஓரத்தில் சாம்பலுக்குள் ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் புதைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், குழந்தைகள் போனைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

சந்தோஷத்தைச் சொல்லிவிட்டேன், கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் நான்கு யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு இருக்கிறது. ஆனால் திறந்த கணப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் அறைக்குள் நிற்கும். மீதி வானத்துக்கு. மூன்று மணி நேரத்துக்குப் பத்து கிலோ எரித்தால் அறைக்குக் கிடைப்பது நான்கிலிருந்து ஆறு யூனிட். உங்கள் இரண்டு கிலோவாட் ஹீட்டர் இரண்டு, மூன்று மணி நேரம் தருவதும் அதேதான். கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு என்றால் கதை மாறும். உள்ளே போகும் காற்றைக் குமிழைத் திருகிக் குறைக்கலாம் என்பதால் பாதிக்கு மேல் சூடு அறையிலேயே நிற்கும், ஐந்து கிலோவே தாராளம். திறந்த கணப்பு அழகுக்கு, மூடிய அடுப்பு சூட்டுக்கு. என் வீட்டில் இரண்டும் உண்டு. விருந்தாளி வந்தால் ஒன்று, எங்களுக்கு மற்றது.

இப்போது அந்தக் கட்டைகள். அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பத்து கிலோ பச்சைக் கட்டையை நெருப்பில் வைப்பது, ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கு என்று நெருப்புக்கு வேலை கொடுப்பது போல. அதில் சூடு வீணாவது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு: தண்ணீர் போய்த் தீரும்வரை கட்டை நூறு டிகிரியைத் தாண்டாது. மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் பற்றி எரியச் சுமார் 600 டிகிரி வேண்டும். அந்தச் சூடு இல்லாவிட்டால் அவை எரியாமல் புகையாகவே மேலே போகும், கூண்டின் குளிர்ந்த சுவரில் கீல் மாதிரி கருப்பாகப் படியும். அது வருடக்கணக்கில் சேர்ந்து ஒருநாள் கூண்டுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். ஓட்டு வீட்டில் கூண்டு பற்றினால் கூரை மரச்சட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். பச்சை மரம் 'தொப்' என்னும், காய்ந்தது 'டங்' என்று மணி மாதிரி பேசும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை நகத்துக்கே பெயர்ந்து வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை நெருப்பில் வையுங்கள். மறுமுனையில் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம் வந்தால் வெளியே எடுத்துவிட்டு அடுத்த வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஏற்காட்டில் மரம் காயும் பருவம் குறுகியது: தை பிறந்ததிலிருந்து சித்திரைவரை. காப்பிப் பழம் பறித்து முடிந்து கவாத்து நடக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அப்போது வெட்டி, ஒன்றரை அடித் துண்டாக்கி, பிளந்து, தரையில் படாமல் கல் வைத்து அடுக்கினால் அந்தக் கார்த்திகைக்குள் சில்வர் ஓக் தயாராகிவிடும். பிளப்பதுதான் முக்கியம். பட்டை மூடிய முழுக்கட்டை ஒரு வருடம் வெயிலில் கிடந்தாலும் வயிற்றுக்குள் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். மேலே தகரம் போடுங்கள், நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். தார்ப்பாய் போட்டு மொத்தமாகப் போர்த்தி வைக்கிறார்கள், அது விறகுக்கு வேர்த்துக் கொட்ட வைக்கும் வேலை. எங்களுக்கு விறகு பிளந்து தருகிற பெரியவர் சொல்வார்: "ஒரு வெயில் காலத்தை முழுசாத் தின்ன கட்டைதாங்க எரியும், மத்ததெல்லாம் அழுவும்ங்க."

மரங்களுக்குள் தராதரம் உண்டு. சில்வர் ஓக் சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆரம்பிக்க நல்லது. நின்று எரிய, பிடுங்கிப் போட்ட பழைய காப்பிச் செடியின் தண்டும் வேரும்தான். கை பருமன் கட்டை, இரும்பு மாதிரி கனம், தணல் நீடித்து நிற்கும். சவுக்குக்கு நிகரான விறகு குறைவு, ஆனால் கீழே சமவெளியிலிருந்து ஏற்றிவர வேண்டும். சீமைக்கருவேலமும் அப்படித்தான், முள்ளுக்குப் பயப்படாவிட்டால் அருமையான கங்கு கிடைக்கும். தைல மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்தபிறகு இழை முறுக்கிக்கொண்டு கோடாலியைத் திருப்பி அனுப்பும். மிளகுக் கொடி ஏற்றும் முள்முருங்கையை எரிப்பது காகிதத்தை எரிப்பது போலத்தான். அரளி மட்டும் வேண்டவே வேண்டாம், புகையும் விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதுவும் கணப்புக்குள் போகக்கூடாது.

மரம் உங்கள் தோட்டத்திலேயே நின்றாலும் மலைப்பகுதியில் நினைத்தபடி வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. கோடாலியை எடுக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி கூண்டு. பலகையைப் பெயர்த்தவுடன் நெருப்பு வைக்காதீர்கள். பகலில் கணப்புக்குள் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மேலே பாருங்கள், வானம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கூடோ தேனடையோ இடிந்த செங்கல்லோ இருக்கிறது. கயிற்றில் ஈச்ச மாரைக் கட்டி, ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் இழுத்தால் சுத்தமாகிவிடும். இதை வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும் செய்யுங்கள். கூண்டின் தலை, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து மூன்று அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். பத்தடி தூரத்துக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட இரண்டடி உயரமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடிக்கும் திசை மாறினால் புகை ஹாலுக்கே திரும்பிவிடும்.

பழைய பங்களாக்களில் கணப்பு குகை மாதிரி ஆழமாக இருக்கும். பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் சூடெல்லாம் பின்சுவருக்கே போய்விடும். ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி 1796-லேயே இதற்கு வழி எழுதி வைத்தார்: ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களை விரித்த புத்தகம் போலச் சாய்த்துக் கட்டு, புகை நுழையும் தொண்டையைக் குறுக்கு. பின்சுவர், முகப்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். நல்ல கொத்தனார் இரண்டு நாளில் உள்ளே இப்படி ஒரு சுவரை எழுப்பிவிடுவார். சூளைச் செங்கல்லும் சிமென்ட்டும் வேண்டாம், ஃபயர் பிரிக்கும் அதற்கான களிமண் சாந்தும் வாங்குங்கள். சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட்டிலும் தீ தாங்கும் செங்கல் செய்கிறார்கள், ஆனால் அது இரும்பாலை உலைக்கு, நம் கிழங்கு சுடும் நெருப்புக்கு அத்தனை ஆடம்பரம் தேவையில்லை.

இரும்பு அடுப்பு வைத்தால் குழாயில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். என் முதல் அடுப்புக்கு வேலைக்கு வந்தவர் ஆஸ்பெஸ்டாஸ் பைப்பைப் பொருத்திவிட்டுப் போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு பணம் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு பட்டாசு வெடித்தது போல் சத்தம். பைப் நீளவாக்கில் பிளந்து, ஹால் முழுக்கப் புகை, எல்லோரும் கம்பளியோடு வாசலில். சூட்டில் அந்தப் பைப் அப்படித்தான் வெடிக்கும் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஸ்டீல் குழாய் போடுங்கள், முடிந்தவரை வளைவில்லாமல் நேராக.

பூட்டிக் கிடந்த வீட்டில் கூண்டுக்குள் குளிர்ந்த காற்று தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்துத் தொண்டைக்கு நேராக ஒரு நிமிடம் பிடியுங்கள். புகை மேலே இழுபடுவது தெரிந்தபிறகு விறகைப் பற்றவையுங்கள். அடுக்கும் முறையும் சமையல் அடுப்புக்கு நேர் எதிர்: பெரிய கட்டை அடியில், அதன்மேல் சிறிது, உச்சியில் சுள்ளியும் கொட்டாங்குச்சியும். நெருப்பை உச்சியில் வையுங்கள், மெழுகுவர்த்தி போல மேலிருந்து கீழே எரிந்து வரும், கிளம்பும் வாயு சுடர் வழியாகவே போவதால் புகை குறைவு. மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டிய விறகு என்றால் அது இன்னும் விறகே ஆகவில்லை. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அந்த நேரத்தில் அணைத்துவிடுங்கள், அது கூண்டுப் புகையை உள்ளே உறிஞ்சும்.

ஒரு ஜன்னல் இரண்டு விரல் அகலமாவது திறந்திருக்கட்டும். தணல் அணையும் முன்பே கூண்டுக் கதவை மூடிவிட்டு யாரும் தூங்கப் போகக்கூடாது. சட்டியில் கரிக் கங்கை அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி என்று நினைத்துப் படுப்பவர் எழுந்திருப்பதில்லை. பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று ஆன்லைனில் வாங்கி மாட்டுங்கள்.

மாமியாருக்கு வருகிறேன். வீசிங் உள்ளவர் இருக்கும் வீட்டில் திறந்த கணப்பு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எவ்வளவு நன்றாக இழுக்கும் கூண்டானாலும் கட்டையைத் தள்ளிவிடும்போது ஒரு வாய்ப் புகையாவது உள்ளே வரும், அந்த நுண்துகள் அவர் நெஞ்சுக்குப் போதும். அவர் தங்கும் நாட்களில் ஹாலில் மூடிய அடுப்பு, அதையும் அவருடைய மருத்துவரைக் கேட்டபிறகு. அவர் அறையில் ஃபேன் இல்லாத ஆயில் ஹீட்டர், தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட்டால் மெத்தையும் காயும். விறகின் சுகத்தில் அவருக்கும் ஒரு பங்கு வேண்டுமென்றால், வீட்டுக்கு வெளியே, குளியலறைப் பின்சுவரை ஒட்டி ஒரு பாய்லர் வையுங்கள். நடுவே புகைக்குழாய் ஓடும் பழைய தாமிரப் பாய்லர் சேலத்தில் பாத்திரக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். விறகு வெந்நீரின் இதம் கெய்சரில் இல்லை என்று அவரே சொல்வார், அது உண்மையா என்று நான் விவாதிக்கப் போவதில்லை.

சாம்பலை வீணாக்க வேண்டாம். அதில் சுண்ணாம்பும் பொட்டாசும் இருக்கின்றன, புளித்துப்போன மலை மண்ணுக்கு நல்லது. ரோஜாவுக்கும் காப்பிக்கும் செடிக்கு ஒரு கைப்பிடி போதும், யூரியா போடும் வாரத்தில் மட்டும் வேண்டாம், சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். அள்ளும்போது தகர வாளியில் அள்ளி, மூடி போட்டு வெளியே கல்தரையில் வையுங்கள். மேலே வெள்ளையாகக் குளிர்ந்து கிடக்கும் சாம்பலுக்குள் மறுநாள் மாலைவரைகூடக் கங்கு உயிரோடு இருக்கும்.