லாகோஸின் டிசம்பர் இரவுகளும் வராத மின்சாரமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைஜீரியாவில் 'டெட்டி டிசம்பர்' என்ற பெயரில் நடக்கும் கொண்டாட்டங்களைச் சில வருடங்களாக இணையத்தில் பார்த்துவருகிறேன். லாகோஸ் கிளப்புகளில் ஷாம்பெயின் பாட்டில்களின் தலையில் மத்தாப்பைக் கொளுத்தி வரிசையாகத் தூக்கிவருகிறார்கள். ஆடுபவர்கள் மேல் நோட்டுக்களை வீசுகிறார்கள். ஒரே இரவில் ஒரு மேசைக்குப் பல மில்லியன் நைரா. 2024 டிசம்பரிலும் இதுதான் நடந்தது. அதே மாதம் அந்நாட்டின் மின்தொகுப்பு இன்னொருமுறை மொத்தமாக விழுந்தது. இருபது கோடிக்கும் அதிகமான மக்களுக்குக் கிடைப்பது நான்காயிரம், ஐந்தாயிரம் மெகாவாட் மட்டும். கூத்தடிக்க இருக்கும் பணம் கரண்டுக்கு இல்லையா? 2013-லேயே தனியாருக்கு விற்றுவிட்டார்களே, பிறகும் ஏன் இப்படி? இந்தக் கேளிக்கைக்குக் கடுமையாக வரி போட்டு மின்துறையைச் சரிசெய்ய முடியாதா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது வெறும் கணக்கு, சீக்கிரம் முடிந்துவிடும். 2024 டிசம்பரில் ஓட்டல்கள், குறுகியகால வாடகை வீடுகள், கிளப்புகள் எல்லாம் சேர்த்து ஈட்டியதாக லாகோஸ் மாநில அரசு சொன்ன தொகை சுமார் 7.16 கோடி டாலர். டாலருக்கு 1,500 நைரா என்று வைத்தால் 10,700 கோடி நைரா. மின்னுற்பத்தி நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பாக்கியோ 2025-ல் 4 லட்சம் கோடி நைராவை எட்டியிருந்தது. அந்த டிசம்பர் வருமானத்தை ஒரு காசு விடாமல் பிடுங்கிக் கட்டினாலும் பாக்கியில் 3 சதவீதம் தீராது. ஏற்கெனவே அங்கே 7.5 சதவீத மதிப்புக்கூட்டு வரி இருக்கிறது. ஓட்டல், உணவகச் செலவுக்கு லாகோஸ் மாநிலம் தனியாக 5 சதவீதம் வாங்குகிறது. அதை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஐநூற்றுச் சொச்சம் கோடி நைரா. அதுவும் எல்லோரும் ஒழுங்காக ரசீது போட்டால்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி நைஜீரியாவில் சம்பாதித்ததே இல்லை. லண்டனிலும் ஹூஸ்டனிலும் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு வந்து செலவழிப்பது அது. 2023 ஜூனுக்கு முன் டாலருக்கு அதிகாரபூர்வ விலை 460 நைரா, கள்ளச்சந்தையில் 750 அளவில். 2024 முடிவில் இரண்டுமே 1,500-ஐத் தாண்டிவிட்டன. உள்ளூர்க்காரனின் சம்பளத்தைப் பாதியாக்கிய அதே சரிவு, வெளியிலிருந்து வருபவனின் பையைக் கனமாக்கியது. மிச்சத்தில் எண்ணெய்ப் பணம், அரசியல் பணம், இணைய மோசடிப் பணம் எல்லாம் உண்டு, அதை மறுக்கவில்லை. நோட்டு வீசுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2007-ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி அது குற்றம். 2024 ஏப்ரலில் சமூக ஊடகப் பிரபலம் ஒருவருக்கு அதற்காகவே ஆறு மாதச் சிறை கிடைத்தது. அந்தச் சுறுசுறுப்பு மீட்டர் பொருத்துவதில் தெரியவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. நைஜீரியாவில் மின்சாரத்துக்கு முழு விலையையும் கொடுத்துக்கொண்டிருப்பவர் யார் என்றால், நீங்கள் திட்டும் அந்தக் கிளப் மேசையில் உட்கார்ந்திருப்பவர்தான். அது தனி பில்லாக வருவதில்லை, பாட்டில் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

நடுத்தர அளவு கிளப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளிர்சாதனம், ஒலிபெருக்கி, விளக்கு, ஐஸ் இயந்திரம் எல்லாம் சேர்ந்து 100 கிலோவாட் இழுக்கிறது, ஒன்பது மணிநேரம் ஓடுகிறது என்றால் 900 யூனிட். நல்ல நிலையில் உள்ள டீசல் ஜெனரேட்டர் முக்கால் பளுவில் யூனிட்டுக்கு 0.27 முதல் 0.3 லிட்டர் குடிக்கும். கூட்டம் சேர்வதற்கு முன் கால் பளுவில் ஓடும்போது அது 0.4-ஐயும் தாண்டும். அதோடு எரியாத டீசல் புகைக்குழாயில் ஈரமாகப் படிந்து, இன்ஜெக்டரும் பிஸ்டன் வளையமும் கெடும். ஆகவே விவரமுள்ளவர்கள் பெரிய செட் ஒன்று, சிறிய செட் ஒன்று என்று வைத்து மாற்றி ஓட்டுவார்கள். லிட்டர் 1,100 நைரா என்று பிடித்தால் எரிபொருள் மட்டும் யூனிட்டுக்கு 330. 250 மணிநேரத்துக்கு ஒருமுறை எண்ணெய், ஃபில்டர் மாற்றுவதையும் இயந்திரத் தேய்மானத்தையும் சேர்த்தால் 400. அதாவது ஓர் இரவுக்கு 3.6 லட்சம் நைரா. அந்தக் கிளப்பில் உயர்ரக ஷாம்பெயின் ஒரு பாட்டில் அதைவிட அதிக விலைக்குப் போகிறது. அன்றைய இரவின் மொத்த மின்செலவும் முதல் பாட்டிலிலேயே கழிந்துவிடும்.

லாகோஸின் வசதியான விக்டோரியா ஐலண்ட் போன்ற பகுதிகளில் கிரிட் மின்சாரம், அதாவது பொது மின்தொகுப்பிலிருந்து வருவது, ஓரளவு வரத்தான் செய்கிறது. ஆனாலும் நள்ளிரவில் ஒருமுறை அறுந்து, ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் ஒலி நின்று கூடம் இருண்டால் வியாபாரம் கெட்டுவிடும். அதனால் கிரிட் இருந்தாலும் ஜெனரேட்டரிலேயே இரவைக் கழிப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

இதே 400 நைராவை உறைமீன் விற்பவர் தலையில் வைத்துப் பாருங்கள். சிறிய குளிர்அறை ஒன்று நாளைக்கு 60 யூனிட் எடுத்தால் 24,000 நைரா. மீனில் கிடைக்கும் லாபத்தில் அது தாங்காது. முடிதிருத்துபவர், தையல்காரர் கதை இன்னும் மோசம். அவர்களிடம் இருப்பது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் பெட்டி. பாதிப் பளுவில் அது யூனிட்டுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். பெட்ரோல் 900 நைரா என்றால் யூனிட் விலையும் 900. நாட்டிலேயே விலை உயர்ந்த மின்சாரத்தை வாங்குபவர் அவர்தான். 2023 மே மாதம் பெட்ரோல் மானியத்தை நிறுத்தியபோது உண்மையில் ஏறியது இவருடைய கரண்ட் பில். மிஷ்லின் டயர் தொழிற்சாலை 2007-லேயே போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து கிளம்பிவிட்டது. கேளிக்கையால் மின்வெட்டு வரவில்லை. மின்வெட்டிலும் பிழைக்கத் தெரிந்த தொழில் கேளிக்கை, அவ்வளவே. முதலீடு அங்கே போய்க் குவிவதில் வியப்பில்லை.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. அமைச்சரின் வீடு, வங்கித் தலைவரின் வீடு, கிளப் முதலாளியின் வீடு எல்லாம் ஜெனரேட்டரிலும் சோலார் பேட்டரியிலும் ஓடுகின்றன. சத்தம் போட்டால் எடுபடக்கூடியவர்கள் எல்லோரும் கிரிட்டை விட்டு வெளியேறியாகிவிட்டது. சீர்திருத்தம் தேங்கினால் அவர்களுக்கு வலிப்பதில்லை.

2013 நவம்பர் 1 அன்று கைமாறியது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். பதினொரு பகிர்மான நிறுவனங்களில் பத்தின் 60 சதவீதப் பங்குகள் அன்று தனியாருக்குப் போயின, பதினொன்றாவது பின்னர் போனது. உற்பத்தி நிலையங்களும் போயின. நடுவில் உள்ள மின்கடத்தல் மட்டும் அரசிடம் நின்றது. பகிர்மானத்துக்கான ஏலத்தின் அளவுகோல் விலை அல்ல. ஐந்து வருடத்தில் இழப்பை எவ்வளவு குறைப்பேன் என்ற வாக்குறுதிதான் அளவுகோல். டெல்லியில் 2002-ல் நடந்த தனியார்மயத்தின் முறையும் இதுவே. ஆனால் டெல்லி அரசு இடைக்காலப் பற்றாக்குறையை அடைக்க சுமார் 3,450 கோடி ரூபாய் எடுத்துவைத்தது. நைஜீரியாவில் அப்படி முன்கூட்டியே எடுத்துவைத்த பணம் இல்லை. 2014-ல் 21,300 கோடி நைராவும், 2017-ல் 70,100 கோடி நைராவும் மத்திய வங்கி வழியாக வந்தன. எல்லாம் பள்ளம் விழுந்தபின் கொட்டியவை.

இழப்பு என்பது கம்பியில் கரைவது மட்டும் இல்லை. நூறு யூனிட் வாங்கி, இருபது வழியிலும் திருட்டிலும் போய், எண்பதுக்கு பில் போட்டு, அதில் நான்கில் மூன்று பங்கு வசூலானால் கையில் வருவது அறுபது. அந்த அறுபதில் சம்பளம், வட்டி, ஃப்யூஸ், கம்பி எல்லாம் போக மீதியைத்தான் மின்சாரம் விற்றவனுக்குக் கொடுக்கமுடியும். நைஜீரியாவில் இழப்பு 40 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. நடுவில் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி விற்கும் அரசு நிறுவனம் அனுப்பிய பில்லில், சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பி வந்தது. விற்றவன் எரிவாயுக்காரனுக்குக் கொடுக்கவில்லை. எரிவாயுக்காரன் குழாயைச் சுருக்கினான். நிறுவுதிறன் 13,000 மெகாவாட் இருந்தும் ஐயாயிரத்தைச் சுற்றியே வண்டி ஓடுவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சங்கிலி. 2025 மார்ச்சில் 5,800 மெகாவாட்டை எட்டியதே பெரிய சாதனையாக அறிவிக்கப்பட்டது.

இதில் இரண்டு அடி சேர்ந்து விழுந்தன. முதலாவது, இந்த நிறுவனங்களை வாங்கியவர்கள் உள்ளூர் வங்கிகளில் டாலரில் கடன் எடுத்தார்கள். அப்போது டாலர் 160 நைராவுக்குக் கீழே. எரிவாயுவின் விலையும் டாலரிலேயே நிர்ணயிக்கப்படுகிறது. வருமானம் மட்டும் நைராவில். இரண்டாவது, தேர்தல். 2015 மார்ச்சில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, வசூலாகாத தொகையைக் கட்டணத்தில் சேர்க்கக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது. மக்களுக்கு அது நியாயமாகத் தெரிந்தது. நியாயமும்கூட, அடுத்தவன் கட்டாததை நான் ஏன் கட்டவேண்டும்? ஆனால் ஒப்பந்தக் கணக்கு அன்றோடு குலைந்தது. அதன்பின் பகிர்மான நிறுவனங்கள் தங்கள் தோல்விகள் அத்தனைக்கும் அந்த உத்தரவைக் காட்டித் தப்பிக்கப் பழகிக்கொண்டன.

2024 ஏப்ரலில் வந்த 'ஏ' பிரிவுக் கட்டணம் இதை மாற்ற எடுத்த முயற்சி. ஒரு நாளைக்கு குறைந்தது 20 மணிநேரம் மின்சாரம் வரும் ஃபீடர்களுக்கு (துணைமின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதைகள்) யூனிட் 68 நைராவிலிருந்து 225-ஆக ஏறியது. பிறகு 209 அளவுக்கு இறங்கியது. மொத்த நுகர்வோரில் இவர்கள் 15 சதவீதம். தொடர்ந்து ஏழு நாள் 20 மணிநேரம் கொடுக்கத் தவறினால் அந்த ஃபீடரைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கவேண்டும் என்று விதி. மே மாதம் தொழிற்சங்கங்கள் ஆணைய அலுவலகத்தை மறித்தன. அவர்கள் கோபத்துக்கும் கணக்கு உண்டு. 150 யூனிட் எரித்தால் 33,750 நைரா, அன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. சம்பளம் 70,000 ஆனது ஜூலையில்தான். ஆனால் 209 என்பது ஜெனரேட்டர் விலையில் பாதி என்பதையும் மறக்கக்கூடாது. பிரச்சினை விலையோடு முடியவில்லை. கொடுக்க முடிந்த 15 சதவீதத்துக்கு 20 மணிநேரம் தரும்போது, பழைய விலையில் இருக்கும் மற்றவர்களுக்கு மின்சாரம் திருப்பிவிட நிறுவனத்துக்கு எந்த ஆசையும் இருக்காது. கட்டாத பகுதிகளின் ஃபீடரை அணைத்துவிடுவார்கள். அப்படிப் பளு திடீரென்று குறைந்தால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே எகிறும். ஏதாவது ஒரு நிலையம் நின்றால் கீழே சரியும். தாங்கிப் பிடிக்கத் தயார்நிலையில் கூடுதல் உற்பத்தி கிடையாது. 330 கிலோவோல்ட் பாதைகளில் பலவற்றுக்கு மாற்றுவழியும் இல்லை. ஒன்று அறுந்தால் நாடே இருட்டாவது இப்படித்தான்.

சரி, எங்கே தொடங்குவது? மின்நிலையத்தில் அல்ல, தெருவில். முதலில் 11 கிலோவோல்ட் ஃபீடருக்கு ஒரு மீட்டர். அடுத்து அதில் தொங்கும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரு மீட்டர். பிறகு வீடு வீடாகப் போய் எந்த இணைப்பு எந்த டிரான்ஸ்ஃபார்மரில் என்று எண் போட்டுக் குறிக்கவேண்டும். அதன் பிறகே வீட்டு மீட்டர். இந்த வரிசை முக்கியம். டிரான்ஸ்ஃபார்மர் மீட்டர் இல்லாமல் வீட்டில் மட்டும் ப்ரீபெய்டு மீட்டர் வைத்தால், உள்ளே கம்பியைத் திருப்பி மீட்டரைத் தாண்டி இழுப்பவரைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மீட்டரைக் கம்பத்தின் மேல் வைத்து, எண் அழுத்தும் பெட்டியை மட்டும் வீட்டுக்குள் கொடுப்பது இதற்காகத்தான்.

2024-ல் நுகர்வோரில் பாதிக்கும் குறைவானவர்களிடமே மீட்டர் இருந்தது. மற்றவர்களுக்கு 'மதிப்பீட்டு பில்'. மாதத்தில் பத்து நாள் இருட்டில் கிடந்தாலும் அதே தொகை வரும்போது யார் கட்டுவார்? ஆகவே கட்டுவதில்லை. வசூல் இல்லாததால் மீட்டர் வாங்கப் பணமில்லை. வேண்டுமென்றால் நுகர்வோரே முன்பணம் போட்டு மீட்டர் வாங்கி, பிறகு மின்சாரமாகத் திரும்பப் பெறலாம் என்றொரு திட்டம் இருக்கிறது. ஒற்றை ஃபேஸ் மீட்டரே ஒரு லட்சம் நைராவுக்கு மேல் என்பதால் வசதியுள்ள தெருக்களில் மட்டும் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் தெருக்காரர்களே வசூல் செய்து புதிதாக வாங்கிப்போடுவதும் அங்கே சகஜம். வாங்கிப் பொருத்தியதும் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடும், பணம் திரும்புவது அபூர்வம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் மறுபடி எரிவதற்குக் காரணமும் பெரும்பாலும் பழையதே: கூடுதல் பளு, ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் தடித்த செம்புக்கம்பி, எண்ணெய் திருட்டு.

2023-ல் அரசியல்சட்டத் திருத்தமும் புதிய மின்சாரச் சட்டமும் வந்தபிறகு மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் மின்சந்தையைத் தாங்களே நடத்தலாம். எனுகு மாநில ஆணையம் 2025-ல் 'ஏ' பிரிவுக் கட்டணத்தை 209-லிருந்து 160 நைராவாகக் குறைத்தது. மொத்தமாக வாங்கும் மின்சாரத்துக்கு மத்திய அரசு தரும் மானியம் தொடரும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. உற்பத்தி நிறுவனங்கள் உடனே ஆட்சேபித்தன, வித்தியாசத்தை யார் கொடுப்பது என்று. 2013-லிருந்து கேட்கப்பட்டுவரும் அதே கேள்வி, இம்முறை மாநில அளவில்.

லாகோஸும் 2024 டிசம்பரில் தன் சொந்த மின்சாரச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது, நீங்கள் பார்த்த அந்தக் கொண்டாட்டங்கள் நடந்த அதே மாதத்தில். வாங்கும் சக்தியுள்ள வாடிக்கையாளர்கள் அங்கேதான் அதிகம். 1,320 மெகாவாட் எக்பின் நிலையமும் பக்கத்தில் இருக்கிறது. வேறெந்த மாநிலத்துக்கும் இந்தச் சாதகம் இல்லை. அங்கே டிரான்ஸ்ஃபார்மர் மீட்டருக்கு யார் பணம் போடுகிறார்கள், கட்டாத அரசு அலுவலகங்களின் இணைப்பை முதலில் துண்டிக்கிறார்களா என்ற இரண்டையும் கவனியுங்கள். ராணுவ முகாம்களும் அமைச்சகங்களும் பெரிய பாக்கிதாரர்களாக இருக்கும்வரை, லாகோஸின் ஏழைப் பகுதியான அஜெகுன்லேயில் ஒரு வீட்டின் ஃப்யூஸைப் பிடுங்க வருகிற லைன்மேனை அந்தத் தெரு ஏணியில் ஏறவிடாது.